பழனி அருகே கல்லறைக்குள் கிடைத்த 2 கிலோ நெல்.. 2,500 ஆண்டு பழமை எப்படித் தெரிந்தது? பொருந்தல் அகழாய்வும் தீராத விவாதமும்!

பழனி என்றதும் மலை, மொட்டை, பஞ்சாமிர்தம், காவடி.. இவைதான் நினைவுக்கு வரும். ஆனால், அதே பழனியிலிருந்து தென்மேற்கே சுமார் 12 கி.மீ. தொலைவில், மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சின்ன கிராமம் தமிழ் எழுத்தின் வயதையே கேள்வியாக்கியது. அந்த ஊரின் பெயர் பொருந்தல்.

அங்கே கிடைத்தது தங்கப் புதையல் கிடையாது. ஒரு ஜாடி, அதற்குள் 2 கிலோ நெல், பக்கத்தில் எழுத்து கீறப்பட்ட ஒரு மண் பிரிமனை. அவ்வளவுதான். ஆனால், இந்த மூன்றும் சேர்ந்து கிளப்பிய விவாதம் இன்று வரை ஓயவில்லை. கீழடி, சிவகளை என அடுத்தடுத்து வரும் காலக்கணிப்புச் செய்திகளைப் புரிந்துகொள்ளவும் பொருந்தலில்தான் தொடங்க வேண்டும். அங்கே நடந்தது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

பொருந்தல் எங்கே இருக்கிறது?

பழனிக்குப் போகும் பக்தர்கள் பலர் சண்முக நதியில் குளிப்பது வழக்கம். மலையிலிருந்து இறங்கிவரும் ஆறு ஓடைகள் சேர்ந்து உருவாவதால் அதற்கு அந்தப் பெயர் என்பார்கள். அந்த ஓடைகளில் ஒன்றுதான் பொருந்தலாறு. பாலாறு - பொருந்தலாறு அணை என்று பழனிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த அணையும் இந்தப் பக்கம்தான். அந்த ஆற்றங்கரை ஊர்தான் பொருந்தல்.

ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபக்கம் நெல் விளையும் சமவெளி. மதுரைப் பக்கத்திலிருந்து சேர நாட்டுக் கடற்கரைக்குப் போன பழைய வணிகப் பாதையும் இந்த வழியாகத்தான் சென்றது என்கிறார்கள் ஆய்வாளர்கள். தண்ணீர், வயல், மலைப்பொருள், வணிகப் பாதை என ஒரு ஊர் வளர என்னென்ன வேண்டுமோ அத்தனையும் ஒரே இடத்தில்!

சங்க இலக்கியத்திலும் இந்தப் பகுதிக்கு இடம் உண்டு. பழனியின் பழைய பெயர் பொதினி. மயிலுக்குப் போர்வை கொடுத்ததாகச் சொல்லப்படும் வள்ளல் பேகன் இந்தப் பகுதியை ஆண்ட ஆவியர் குடியைச் சேர்ந்தவர். அகநானூறு, புறநானூறு இரண்டிலும் பாடல்கள் உள்ள பொருந்தில் இளங்கீரனார் என்ற புலவரின் ஊர் இதுவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

அகழாய்வில் என்ன கிடைத்தது?

2009, 2010 ஆகிய ஆண்டுகளில் புதுச்சேரி பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கா.ராஜன் தலைமையிலான குழு இங்கே அகழாய்வு நடத்தியது. ஊர் இருந்த மேடு, இறந்தவர்களைப் புதைத்த காடு என இரண்டு பகுதிகளிலும் குழிகள் தோண்டப்பட்டன.

மக்கள் வாழ்ந்த மேட்டுக்கு உள்ளூரில் ‘பாசிமேடு’ என்று பெயர். பாசி என்றால் பாசிமணி. மழை பெய்து மண் கரைந்தால் கலர் கலராக மணிகள் தென்படும் இடங்களுக்கு நம் ஊர்களில் இப்படிப் பெயர் வைப்பதுண்டு. தொல்லியல் குழு வருவதற்கு முன்பே ஊர்ப் பெயரே துப்பு கொடுத்துவிட்டது!

தோண்டியபோது அந்தப் பெயர் சரிதான் என்று தெரிந்தது. ஆயிரக்கணக்கில் கண்ணாடி மணிகள் வெளியே வந்தன. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எனப் பல நிறங்கள். வெளியூரிலிருந்து வாங்கிவந்து அணிந்தவர்களின் ஊராக மட்டும் இது இருக்க முடியாது, கண்ணாடி மணிகளைச் செய்த தொழிற்கூடமே இங்கு இருந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர். சூதுபவள மணிகளும் கிடைத்தன.

ஆனால், பரபரப்பை உண்டாக்கியது மேடு அல்ல. கல்லறை.

அந்த ஒரு கல்லறையில் என்ன ஸ்பெஷல்?

இரும்புக் காலத்தில் இறந்தவர்களுக்குப் பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, பெட்டி போல அறை அமைத்து, மேலே மூடுகல் வைப்பார்கள். சுற்றிலும் வட்டமாகக் கற்கள் அடுக்குவார்கள். கொங்குப் பகுதியிலும் திண்டுக்கல் பக்கத்திலும் வயல் ஓரங்களில் இதுபோன்ற கல்வட்டங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். ‘பாண்டவர் வீடு’, ‘குள்ளர் குகை’ என ஊருக்கு ஒரு பெயர், ஊருக்கு ஒரு கதை இருக்கும்.

பொருந்தலில் அப்படிப்பட்ட ஒரு கல்லறைக்குள் நான்கு கால்கள் கொண்ட ஒரு ஜாடி இருந்தது. அதற்குள் சுமார் 2 கிலோ நெல். அரிசி அல்ல, நெல். இறந்தவருக்குப் படைத்ததோ, அடுத்த பயணத்துக்குக் கொடுத்தனுப்பியதோ.. யாரோ ஒருவர் அந்த நெல்லை ஜாடியில் போட்டு உள்ளே வைத்திருக்கிறார்.

அதே கல்லறையில் ஒரு பிரிமனையும் கிடைத்தது. பானை உருளாமல் இருக்கக் கீழே வைப்போமே, அந்த வளையம்தான். மண்ணால் செய்தது. அதில் ‘வ - ய் - ர’ என்று படிக்கத்தக்க தமிழ்-பிராமி எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. ‘வயிரம்’ என்ற சொல்லோடு ஆய்வாளர்கள் இதை இணைக்கின்றனர்.

நெல்லும் எழுத்தும் ஒரே கல்லறையில். விவாதத்தின் மையமே இதுதான்.

நெல்லின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சிம்பிளாகச் சொன்னால் இப்படி. உயிருள்ள எல்லாவற்றிலும் கார்பன் இருக்கிறது. அதில் மிக மிகச் சிறிய அளவு ‘கார்பன்-14’ என்ற கதிரியக்க வகை. செடி உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து இதை எடுத்துக்கொண்டே இருக்கும். அறுவடை செய்த நாளோடு அது நின்றுவிடும். அதன்பிறகு உள்ளே இருக்கும் கார்பன்-14 மெதுவாகக் குறையத் தொடங்கும். சுமார் 5,730 ஆண்டுகளில் அது பாதியாகிவிடும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தால் எப்போது அறுவடையானது என்று கணக்கிட்டுவிடலாம்.

இதில் ‘ஏ.எம்.எஸ்’ என்ற நவீன முறையில் சில மில்லிகிராம் மாதிரியே போதும். ஒரே ஒரு நெல்மணிகூட அதற்குப் போதும். பொருந்தல் நெல் அமெரிக்காவின் மியாமி நகரில் உள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது. முதல் மாதிரிக்கு வந்த விடை கி.மு. 490. பின்னர் அனுப்பிய இரண்டாவது மாதிரிக்குக் கி.மு. 450.

நெல் கிடைத்தது ஏன் அதிர்ஷ்டம் என்று கேட்டால், அதற்கும் காரணம் இருக்கிறது. பெரும்பாலான அகழாய்வுகளில் கிடைப்பது மரக்கரி. 200 வருடம் வளர்ந்த மரத்தை வெட்டி எரித்தால், அதன் நடுப்பகுதிக் கரி எரித்த காலத்தைவிட 200 வருடம் பழசு என்று காட்டும். நெல்லில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரே பருவத்தில் முளைத்து, ஒரே பருவத்தில் அறுவடையாகிறது. அதனால்தான் மரக்கரியைவிட நெல்லை ஆய்வாளர்கள் அதிகம் நம்புகிறார்கள்.

கி.மு. 490 ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

இந்தியாவில் காலம் உறுதியாகத் தெரிந்த பழமையான பிராமிக் கல்வெட்டுகள் அசோகருடையவை. அவர் ஆண்டது கி.மு. 3ஆம் நூற்றாண்டில். ‘பிராமி எழுத்து மௌரியர் காலத்தில்தான் பரவியது. அதிலிருந்தே தமிழ்-பிராமி உருவானது’ என்பது நீண்ட காலமாகப் பலர் ஏற்றுக்கொண்ட கருத்து.

பொருந்தல் பிரிமனையில் எழுத்து கீறியதும் நெல்லை வைத்ததும் ஒரே காலம் என்றால்? அசோகருக்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே பழனி மலையடிவாரத்தில் எழுத்து புழக்கத்தில் இருந்தது என்றாகிவிடும். அதுவும் அரசன் வெட்டிய கல்வெட்டு அல்ல. ஒரு வீட்டுப் பாத்திரத்தில் கீறிய எழுத்து! 2011ல் இந்தத் தகவல் வெளியானபோது வரலாற்று ஆர்வலர்கள் மத்தியில் பெரும் பேச்சானதற்குக் காரணம் இதுதான்.

எதிர்ப்பு ஏன் வந்தது?

கேள்வி கேட்டவர்கள் தமிழின் தொன்மைக்கு எதிரானவர்கள் அல்ல. தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளுக்கு வாழ்நாளையே கொடுத்த ஐராவதம் மகாதேவன், கல்வெட்டு அறிஞர் எ.சுப்பராயலு ஆகியோரே, ஒற்றைக் காலக்கணிப்பை வைத்து இறுதி முடிவுக்கு வருவது கடினம் என்றனர். இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

ஒன்று, ஆய்வகம் சொன்னது நெல்லின் வயது. எழுத்தின் வயது அல்ல. மண் பாண்டத்தில் கீறிய எழுத்தை நேரடியாகக் கார்பன் முறையில் அளக்க முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே வைக்கப்பட்டவை என்று காட்டியாக வேண்டும். அந்தக் காலக் கல்லறைகளில் சிலவற்றை மீண்டும் திறந்து அடுத்தவரைப் புதைத்த வழக்கமும் உண்டு. எனவே, கல்லறை கலையாமல் இருந்ததா என்பது முக்கியமாகிறது. ஆய்வுக் குழுவின் வாதம், இரண்டும் ஒரே கல்லறையில் ஒன்றாக இருந்தவை என்பதுதான்.

இரண்டு, மாதிரிகளின் எண்ணிக்கை. ஒரே கல்லறையில் எடுத்த ஒன்றிரண்டு மாதிரிகள் ஒரு நாட்டின் எழுத்து வரலாற்றையே மாற்றப் போதுமா? அதே காலத்தை வேறு ஊர்களும் காட்டினால் வாதம் வலுக்கும். காட்டாவிட்டால் பலவீனமாகும்.

மூன்றாவது கொஞ்சம் டெக்னிக்கல். காற்றில் கார்பன்-14 அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. குறிப்பாகக் கி.மு. 800 முதல் கி.மு. 400 வரையான காலத்தில் ஒரு விசித்திரம் நடந்திருக்கிறது. அந்த 400 ஆண்டுகளுக்குள் எப்போது அறுவடையான நெல்லாக இருந்தாலும், கருவி காட்டும் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். உலகம் முழுக்க தொல்லியலாளர்களுக்கு இது பெரிய தலைவலி. கி.மு. 490 என்பது சரியாக அந்த வட்டத்துக்குள் வருகிறது. அதனால், அதை ‘அந்த வருடம்’ என்று எடுத்துக்கொள்ளாமல், முன்பின் நகரக்கூடிய ஒரு காலப்பகுதியின் அடையாளமாகவே பார்க்க வேண்டும்.

செய்திகளில் ‘கி.மு. 490’ என்று ஒற்றை எண் வருவது தலைப்புக்கு வசதி. ஆய்வு அறிக்கைகளில் அந்த எண்ணோடு எப்போதும் ஒரு ‘கூட்டல் - கழித்தல்’ குறி இருக்கும். அதையும் சேர்த்துப் படித்தால்தான் முழு உண்மை.

அதன்பிறகு என்ன ஆனது?

சந்தேகங்களுக்குப் பதில் தேடும் வேலை மற்ற ஊர்களில் தொடர்ந்தது. ஈரோடு மாவட்டம் சென்னிமலை அருகே, நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் நூற்றுக்கணக்கான எழுத்துப் பொறிப்புப் பானை ஓடுகள் ஏற்கனவே கிடைத்திருந்தன. அங்கே வெவ்வேறு ஆழங்களில் எடுக்கப்பட்ட ஐந்து மாதிரிகளுக்கு ஏ.எம்.எஸ் முறையில் காலம் கணிக்கப்பட்டது. கீழே போகப் போக வயது கூடி, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசி வரை சென்றது. ஒரே மாதிரி என்ற குறை இதில் கொஞ்சம் தீர்ந்தது.

இலங்கையின் அனுராதபுரத்தில் நடந்த அகழாய்விலும் கி.மு. 4ஆம் நூற்றாண்டு அடுக்குகளில் பிராமி எழுத்துப் பானை ஓடுகள் கிடைத்ததாக 1990களிலேயே ஆய்வாளர்கள் தெரிவித்திருந்தனர். அதாவது, அசோகருக்கு முன்பே தெற்கில் எழுத்து இருந்திருக்கலாம் என்ற கேள்வியை எழுப்பிய முதல் ஊர் பொருந்தல் அல்ல. ஆனால், தமிழ்நாட்டில் அந்தக் கேள்வியை அழுத்தமாக எழுப்பிய ஊர்களில் அது முக்கியமானது.

அடுத்து வந்தது கீழடி. 2019ல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, அங்கே கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்றது. தமிழ்-பிராமியின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை செல்வதாக அரசுத் தரப்பு அறிவித்தது.

2021 செப்டம்பரில் மீண்டும் நெல்! தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். 2025 ஜனவரியில் ‘இரும்பின் தொன்மை’ என்ற நூலை அரசு வெளியிட்டது. சிவகளையில் இரும்பின் பயன்பாடு கி.மு. 3345 வரை செல்வதாக அதில் கூறப்பட்டது. நூலின் ஆசிரியர்களில் ஒருவர், பொருந்தலில் அகழாய்வு நடத்திய அதே கா.ராஜன்.

இன்றைய சர்ச்சைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கீழடியில் முதல் இரண்டு கட்ட அகழாய்வை நடத்தியவர் மத்திய தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா. 2023 ஜனவரியில் அவர் 982 பக்க அறிக்கையைச் சமர்ப்பித்தார். 2025 மே மாதம் அதில் திருத்தம் செய்யும்படி மத்திய தொல்லியல் துறை கேட்டது. அறிவியல் முறைப்படியே காலம் கணிக்கப்பட்டுள்ளது என்று அவர் பதில் அளித்தார். விஷயம் அரசியலாக வெடித்தது. மாநிலத்தை ஆள்பவர்கள் ஒரு பக்கம், மத்தியில் ஆள்பவர்கள் மறுபக்கம்.

டிவி விவாதங்களைப் பார்த்தால் இரண்டே கட்சிதான் இருப்பது போலத் தோன்றும். ‘தமிழ் தொன்மையை ஏற்கிறாயா, மறுக்கிறாயா?’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால், பொருந்தல் விவாதம் நடந்த விதம் வேறு. ஒரு தரப்பு ஆதாரத்தை வைத்தது. மறுதரப்பு ‘இன்னும் வேண்டும்’ என்றது. முதல் தரப்பு கொடுமணலுக்குப் போய் இன்னும் ஐந்து மாதிரிகளை எடுத்தது.

‘இன்னும் ஆதாரம் வேண்டும்’ என்பது அவமதிப்பும் இல்லை, ‘போதும்’ என்பது பெருமையும் இல்லை. அந்த ஆதாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரே இடம்தான் இருக்கிறது. இதுவரை யாரும் கை வைக்காத மண்.

கல்லறை கலைந்தால் என்ன நஷ்டம்?

பொருந்தல் நெல்லின் மதிப்பு அந்த 2 கிலோவில் இல்லை. அது எந்த ஜாடியில், எந்த அறையில், எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் இருந்தது என்ற தகவலில் இருக்கிறது. யாராவது முன்பே அந்த மூடுகல்லைத் தள்ளி, ஜாடியை எடுத்து வெளியே வைத்திருந்தால்? நெல்லும் இருக்கும், பிரிமனையும் இருக்கும். ஆனால், இரண்டையும் இணைக்கும் கயிறு அறுந்திருக்கும். உலகின் எந்த ஆய்வகத்தாலும் அதைத் திரும்ப முடிச்சுப் போட முடியாது.

தமிழ்நாட்டின் பல இடங்களில் கல்வட்டங்கள் இப்படித்தான் காணாமல் போகின்றன. ஜேசிபி வைத்து நிலத்தைச் சமன் செய்யும்போது, வரப்புக்கும் வேலிக்கும் கல் எடுக்கும்போது, செம்மண் அள்ளும்போது, வீட்டு மனை போடும்போது. இதில் பெரும்பாலானவர்களுக்குத் தீய எண்ணம் எதுவும் இல்லை. அது என்னவென்று தெரியாது, அவ்வளவுதான். தெரிந்த சிலரோ ‘சொன்னால் நிலத்தைப் பிடுங்கிவிடுவார்கள்’ என்று பயந்து மூடிவிடுகிறார்கள்.

நிலத்தில் பழம்பொருள் கிடைத்தால் சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு விவசாயி கிணறு வெட்டும்போது தாழியோ காசோ கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

* 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் இருந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் தகவல் மேலே போகும்.

* மறைத்தால் தண்டனை உண்டு. முறையாகத் தெரிவித்தால், கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பங்கு பெற அதே சட்டத்தில் வழி உண்டு. அரசு அந்தப் பொருளை எடுத்துக்கொள்ள நினைத்தால், அதன் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம்.

* 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிலை, காசு, மட்பாண்டம் போன்றவை தொல்பொருட்கள். உரிமம் இல்லாமல் இவற்றை வியாபாரம் செய்ய முடியாது. தனிநபர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.

* முக்கியமாக, பொருளை எடுத்துக் கழுவ வேண்டாம். தாழிக்குள் கை விட வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு, செல்போனில் படம் எடுத்து, தகவல் சொன்னால் போதும்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் சட்டன் ஹூ என்ற இடம். 1930களின் இறுதியில் எடித் பிரிட்டி என்ற பெண்மணி, தன் நிலத்தில் இருந்த மண்மேடுகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டார். பேசில் பிரவுன் என்பவரை வேலைக்கு அமர்த்தினார். அவர் பெரிய பட்டம் வாங்கியவர் அல்ல, தானாகவே தொல்லியல் கற்ற உள்ளூர்க்காரர். பொறுமையாக மண்ணை நீக்கியபோது கப்பலோடு புதைக்கப்பட்ட ஒரு பெருந்தலைவனின் கல்லறை வெளியே வந்தது. கப்பலின் மரம் மக்கிப்போயிருந்தது. ஆனால், ஆணிகள் இருந்த இடம் கலையாததால் கப்பலின் முழு வடிவமும் தெரிந்தது. பொருட்கள் எல்லாம் தனக்கே சொந்தம் என்று தீர்ப்பான பிறகும், எடித் பிரிட்டி அவற்றை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். ‘தி டிக்’ என்ற படம் இந்தக் கதைதான்.

அங்கே 1997ல் இன்னொரு ஏற்பாடும் வந்தது. வயலில் பழம்பொருள் கிடைத்தால் பதிவு செய்து கொடுப்பதற்கென்றே பகுதிவாரியாக அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். சாதாரண மக்கள் கொண்டுவந்து காட்டும் பொருளைப் படம் எடுத்து, கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, பெரும்பாலான பொருட்களை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இப்படி 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் பதிவாகியுள்ளன. பொருளைவிட, அது கிடைத்த இடம் பற்றிய தகவல்தான் அவர்களுக்கு முக்கியம்.

அங்குள்ள சட்டம் வேறு, நம் சட்டம் வேறு. அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால், பயப்படாமல் போய்ச் சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் மக்கள் சொல்வார்கள் என்பது அதில் தெரிகிறது. ‘பாசிமேடு’ என்று பெயர் வைத்து, அங்கே மணி கிடைக்கும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருந்த ஊர்க்காரர்களுக்கு ஆர்வம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மொத்தத்தில்..

பொருந்தல் நெல் கி.மு. 5ஆம் நூற்றாண்டு வாக்கில் விளைந்தது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பக்கத்தில் இருந்த எழுத்தும் அதே காலம் என்பது வலுவான வாதம். அதை இறுதி முடிவாக்க, கலையாத இன்னும் பல கல்லறைகளும் இன்னும் பல மாதிரிகளும் தேவை. இதுதான் இன்றைய நிலை.

அடுத்த ஆதாரம் எந்த ஊரில், யாருடைய வயலில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பழனி பக்கம் ஏதோ ஒரு மேட்டில், ஒரு மூடுகல்லுக்குக் கீழே, இன்னொரு ஜாடி நெல் இருக்கலாம். அதை முதலில் தொடப்போவது தொல்லியல் குழுவின் தூரிகையா, ஜேசிபியின் கையா என்பதைப் பொறுத்துத்தான் அது ஆதாரமாகுமா, வெறும் பழைய பானையாகுமா என்பது முடிவாகும்.